நொதுமலும் பாராமுகமும்



ஆங்கிலத்தில் 'இன்டிபரன்ஸ்' என்பது ஒரே சொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று வினவினால் அக்கறையின்மை, அலட்சியம், அசட்டை, உதாசீனம், புறக்கணிப்பு, பாராமுகம், மெத்தனம் எனப் பல சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். கவிதையிலும் கட்டுரையிலும் இவை ஒன்றற்கு ஒன்று மாற்றாக ஆளப்படுவதும் உண்டு. எனினும் இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. அக்கறையின்றி இருப்பவர் யார், யார்மாட்டு அவ்வாறு இருக்கிறார், அவ்விருவரிடையே உறவு உண்டா, கடமை உண்டா என்னும் வினாக்களுக்கேற்ப இவை வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதற்கண் எண்ணத்தக்கது 'நொதுமல்' என்னும் பழஞ்சொல். திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமைக்கு விளக்கம் கூறப்புகுந்த பரிமேலழகர், மக்களைப் பகை, நொதுமல், நட்பு என மூன்று பகுதியாக வகுக்கிறார். நட்பும் இல்லை, பகையும் இல்லை. அத்தகைய அயன்மையே நொதுமல். இதில் இகழ்ச்சியின் சாயல் சிறிதும் இல்லை. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் 'நொதுமலர் வரைவு' என்னும் தொடர் பயில்கிறது. தலைவியின் களவொழுக்கத்தை அறியாத அயலார் அவளை மணம் பேச வருவதை அது குறிக்கும். அவர்தம் வருகை தலைவிக்குப் பெருந்துன்பம். ஆயினும் அவர்மீது குற்றம் கூற இயலாது; அவர் அறியார், அவ்வளவே. அணுவின் கருவினுள் மின்னேற்றமின்றி இருக்கும் நியூட்ரானுக்கு 'நொதுமி' எனப் பெயரிட்டவர்களும் இச்சொல்லின் இயல்பை நன்குணர்ந்தவர்களே.

பாராமுகம் இதனின் வேறானது. முகம் இருக்கிறது; பார்க்கும் கண்ணும் இருக்கிறது; பார்வைதான் இல்லை. வழியில் செல்லும் அயலான் திரும்பிப் பாராது போனால் அதனை எவரும் பாராமுகம் என்று சொல்வதில்லை. தமையன் பாராது போனால், தோழி பாராது போனால் அச்சொல் தானே வந்து பொருந்துகிறது. இறைவனிடம் முறையிடும் அடியார்கள் அவனது பாராமுகத்தைக் குறைகூறுவது மரபு. அவ்வாறு குறைகூறுவதற்கும் ஓர் உரிமை வேண்டும். ஆகவே உறவு உள்ள இடத்தில் மட்டுமே பாராமுகம் என்னும் சொல் பிறக்கும் என்பது பெறப்படும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நுட்பமான நிலை ஒன்றனை வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில் காட்டுகிறார். காதலர் இருவர், முன்பின் அறியாத ஏதிலாரைப் போல ஒருவரையொருவர் பொதுவாக நோக்குகின்றனர். புறத்தே நொதுமல், அகத்தே காதல். அயன்மையும் ஒரு வேடமாகலாம் என்னும் உண்மை இங்கு இன்பத்திற்குத் துணையாகிறது. அதே வேடத்தைக் கடமையிலிருந்து தப்ப விரும்புவோரும் அணிந்துகொள்ளலாம் என்பது பின்னர் நோக்கத்தக்கது.

வடமொழியிலிருந்து வந்து வழங்கும் சொற்களின் வரலாறும் சுவையானது. 'உதாசீனம்' என்பதன் அடிப்பொருள் ஒதுங்கி அமர்ந்திருத்தல். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் எப்பக்கமும் சாராத அரசனை உதாசீனன் என்கிறது. பகவத்கீதையின் 14ஆம் அத்தியாயத்தில் முக்குணங்களைக் கடந்து நிற்பவனின் அடையாளமாக அச்சொல் வருகிறது. 'உபேட்சை' என்பதும் அத்தகையதே. மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றோடு நான்காவதாகப் பௌத்தம் எண்ணும் உயர்ந்த மனநிலை அது. தமிழில் வழங்கத் தொடங்கியபின் இரு சொற்களும் தம் உயர்விலிருந்து இறங்கின. இன்று ஒருவர் மற்றொருவரை உதாசீனப்படுத்தினார் என்றால் அவமதித்தார் என்பதே பொருள்.

இவ்விழிவு தற்செயலானதன்று. புத்தகோசர் தம் விசுத்திமார்க்கத்தில் ஒவ்வோர் உயர்ந்த மனநிலைக்கும் அணுக்கப்பகை ஒன்றும் சேய்மைப்பகை ஒன்றும் உண்டு என்கிறார். சமநோக்கிற்கு விருப்பும் வெறுப்பும் சேய்மைப்பகை. அறியாமையில் விளையும் அக்கறையின்மை அணுக்கப்பகை. அணுக்கப்பகை சமநோக்கைப் போலவே தோற்றம் தருவதால் அதனை இனங்காண்பது அரிது. பற்றற்றவனும் சலனமின்றி இருக்கிறான். நெஞ்சில் ஈரமற்றவனும் சலனமின்றி இருக்கிறான். காண்போர்க்கு இருவரும் ஒன்றே. சொல்லின் பொருள் இழிந்ததற்கு மாந்தரின் இக்குழப்பமே காரணம் எனலாம்.

இனி, கடமை உள்ள இடத்து நிகழும் அக்கறையின்மைக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு. அது 'பொச்சாப்பு'. இதனை விலக்குதற்கென்றே வள்ளுவர் பொச்சாவாமை என 54ஆம் அதிகாரத்தை வகுத்தார். மகிழ்ச்சி மிகுதியால் வரும் இச்சோர்வு அளவிறந்த சினத்தினும் தீது என்பது அவர் துணிபு. சினம் கொண்டவனின் கண் சினத்திற்கு உரியவன்மீது இருக்கிறது. பொச்சாந்தவனின் கண் எதன்மீதும் இல்லை.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அக்குழந்தைகளுக்குப் பகைவர் எவரும் இலர். வகுப்பின்மேல் கீற்றுக்கூரை இருந்தது. அருகே அடுப்பு எரிந்தது. பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அதனைப் பாராதிருந்தார்கள். இத்தகைய நிகழ்ச்சிகளை எழுதுங்கால் 'அலட்சியம்' என்று ஒரு சொல் எழுதி அமைவது வழக்கமாகிவிட்டது. அச்சொல்லோ ஒற்றைக் கையால் பெரும்பாரத்தை 'அலட்சியமாகத் தூக்கினான்' என்று வீரனைப் புகழ்தற்கும் பயன்படுவது. பாராட்டிற்கும் பழிக்கும் ஒருங்கே உதவும் சொல் 94 உயிர்களின் இழப்பைத் தாங்குமா? பொச்சாப்பு என்னும் சொல்லோ, காக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது.

சொல்லைத் தேர்வது, ஆதலின், நடைக்குரிய அணி மட்டுமன்று. பொறுப்பு யாருடையது எனத் தீர்ப்பதுமாகும். கடமை உடையவர் தம்மை நொதுமலர் என்று காட்டிக்கொள்ள முயல்வர். நடுநிலை என்று அவர் அதற்குப் பெயரிடுவர். நடுநிலை என்பதோ, பரிமேலழகர் காட்டியவாறு, மூன்று பகுதியாரிடத்தும் அறம் வழுவாது ஒப்ப நிற்பது. அயலான்பொருட்டும் அறத்தில் நிற்பதே நடுநிலை. அயலான் என்று சொல்லி விலகுவது நடுநிலை ஆகாது.

இலக்கிய உலகிற்கும் இது பொருந்தும். இளங்கவிஞர் ஒருவரின் முதல் தொகுதி வெளிவருகிறது. கண்டித்து ஒரு வரி எழுதப்பட்டாலும் அவர் அதனோடு வாதிடலாம். தம்மைத் திருத்திக்கொள்ளவும் செய்யலாம். மௌனத்தோடு வாதிட வழியில்லை. அந்நூலை அறியாத ஊரார் நொதுமலர், அவர்மேல் பழியில்லை. படித்துவிட்டும் வாய் திறவாத மூத்த கவிஞரின் மௌனத்திற்குப் பெயர் பாராமுகம். ஒரே மொழியில் எழுதுவோரிடையே உறவு முன்னமே அமைந்துவிடுகிறது. அதனைப் பின்னர் மறுத்தல் இயலாது.

பத்தாண்டுகளாக ஓர் இலக்கிய வட்டம் கூடுகிறது என்றால், ஒருவர் படிக்கப் பிறர் அமர்ந்து கேட்டிருக்கின்றனர் என்று பொருள். நிறை கூறுவதும் குறை கூறுவதும் அடுத்தவை. கேட்கும் செவி இருந்தால் அங்கே நொதுமல் நீங்கிச் சுற்றம் பிறக்கிறது. கவிஞர் பெருமக்கள் இனி 'அலட்சியம்' என்று எழுதக் கை செல்லுமிடத்துச் சற்றே நிறுத்தி, அது நொதுமலா, பாராமுகமா, பொச்சாப்பா என்று ஆராய்ந்து எழுதுவார்களாயின், வாளா இருந்தவர் யார் என்பதை அக்கவிதையே சொல்லும்.