நம்பர் கூடினா சைஸ் குறையும்: 'கேஜ்' என்கிற கணக்கு

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இதைக் கேட்டுட்டு இருக்கீங்கன்னா, 'கேஜ்' உங்களுக்குப் புதுசு இல்லை. 18 கேஜ் தகட்டை விட 20 கேஜ் தகடு மெல்லிசு. நம்பர் கூடினா கனம் குறையும்.

ஷாட்கன்லயும் இதே தலைகீழ்க் கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமா 12 உருண்டைகளாக்கினால், ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். நம்மூரில் '12 போர்' என்பது இதுதான். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, அந்த ட்ராப் போட்டிக்கான துப்பாக்கி 12 போர். 20 கேஜ் என்றால் சுமார் 15.6 மில்லிமீட்டர்தான்.

இதைத் தெரிஞ்சுக்கலைன்னா என்ன ஆகும்? 12 போர் துப்பாக்கியில் தவறுதலா 20 கேஜ் தோட்டாவைப் போட்டால், அது உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். தோட்டா போடும் இடம் காலியாத் தெரியும். 'போடவே இல்லையோ'ன்னு பின்னாலேயே ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம். துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கிற கை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அதனாலதான் 20 கேஜ் தோட்டாக்களைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. குழலில் பொறித்த எண்ணையும், தோட்டாவின் அடியில் உள்ள எண்ணையும் படிச்சுப் பாருங்க. இரண்டு அளவுத் தோட்டாக்களை ஒரே பையில் போடவே போடாதீங்க.

பார்ட் நம்பர் பார்க்காம லைன்ல எதையும் மாட்ட மாட்டோம் இல்லையா? ரேஞ்சிலும் அதே பழக்கம்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.