ரம்பத்தின் பல்

மதுராந்தகத்திலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊர் என்றதும் ஏரியையும், ஏரி காத்த ராமரையும்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். முப்பது வருஷமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இந்த நிகழ்ச்சிக்காரர்கள் கொடுத்த தலைப்பு ரம்பம். பேச்சும் அப்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ரெசிப்ரோகேட்டிங் சா என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கைப்பிடி, மோட்டார், முன்னால் மூக்கு மாதிரி நீண்ட ஒரு பிளேடு. வட்டமாகச் சுற்றாது, முன்னும் பின்னுமாக ஓடும். என் பட்டறைப் பையன்கள் இதற்கு வைத்த பெயர் 'மூக்கன்'. 1951-இல் அமெரிக்காவின் மில்வாக்கி கம்பெனி இதைக் கையில் தூக்குகிற மாதிரி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பக்கம் வந்து சேர ரொம்ப காலம் ஆயிற்று. இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், மரம் வெட்டுகிறவர் என்று பலர் கையிலும் பார்க்கிறேன்.

வாங்கும்போது எல்லோரும் வாட்டேஜ் கேட்கிறார்கள். பிளேடைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

என் அப்பா கைரம்பத்தை மடியில் வைத்து முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளியை நெருப்பில் காய்ச்சி முனை தட்டிக்கொள்கிற மாதிரி, ஆயுதத்தைக் கூராக்குவதே பாதி வேலையாக இருந்த காலம். மூக்கன் பிளேடில் அந்தச் சுகம் கிடையாது. நல்ல பிளேடில் முதுகு ஸ்பிரிங் மாதிரி வளைகிற எஃகு, பல் மட்டும் வேறொரு கடினமான எஃகு, இரண்டையும் ஒட்டவைத்திருப்பார்கள். சாதாரண அரம் அந்தப் பல்லில் வழுக்கும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் எந்தப் பிளேடை எதற்குப் போடுவது என்பதில் தச்சனுடைய மூளைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பிளேடின் மேலேயே ஓர் எண் அச்சடித்திருக்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு அது. பச்சை மரத்துக்கு 3 முதல் 6 பல். ஆணி அடித்த பழைய மரத்துக்கு 6 முதல் 10. கனமான இரும்புக்கு 10-லிருந்து 14, மெல்லிய தகடு, குழாய்க்கு 18 அல்லது 24. ஏன் இப்படி? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, மரத்தூளை வெளியே அள்ளிக் கொட்டுவது அதுதான். ஈரமான வேப்பங்கிளையில் பொடிப்பல் பிளேடைப் போட்டால் பள்ளம் தூளால் அடைத்துக்கொள்ளும். பிறகு பிளேடு அறுக்காது, தேய்க்கும். புகை வரும். நாம் என்ன செய்வோம்? மெஷின் மேல் சாய்ந்து அழுத்துவோம். அங்கேதான் கை வழுக்குகிறது. பெரிய பல்லைத் தகட்டில் போட்டாலோ, தகடு இரண்டு பல்லுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு பல்லை உடைக்கும். ஒரே நேரத்தில் மூன்று பல்லாவது பொருளைக் கவ்வியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அழுத்தத் தோன்றுகிறதா, மெஷினை நிறுத்திவிட்டுப் பல்லைப் பாருங்கள்.

செய்யூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. இடித்துக் கட்டப்போகிறார்கள். வாசலில் தேக்கு நிலை. அந்த வீட்டுப் பாட்டி வந்து நின்றார். "ஆசாரி, நிலை முழுசா வரணும்பா. எங்க மாமியார் காலத்துலேருந்து மஞ்சள் தடவின நிலை." கடப்பாரை வைத்தால் பிளந்துவிடும். சுவருக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பிளேடை விட்டு, சுவரோடு பிடித்திருக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். முதல் பட்டைக்கு 18 பல் பிளேடு, வெண்ணெய் மாதிரி போயிற்று. இரண்டாவதுக்குச் சோம்பேறித்தனம், கையில் இருந்த மரப்பிளேடையே விட்டேன். நாலு பல் காலி. பாட்டி சிரித்தார், "உனக்குமா பல்லு போச்சு?"

பழைய வீடு என்பதால் சொல்கிறேன். சுவிட்ச் போர்டு பெரும்பாலும் வாசல் பக்கத்துச் சுவரில்தான் இருக்கும். அதற்குப் போகிற ஒயர் சுவருக்குள்ளே பைப்பில் இறங்கியிருக்கலாம். அந்தச் சுவரில் கை வைக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதன் மேல் எந்த ரம்பமும் படக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

அடுத்தது மரம். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் கடற்கரைப் பக்கம் என் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். வேப்பமரம் ஒன்று கேட்டுக்குக் குறுக்கே கிடந்தது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்க, பக்கத்து வீட்டுப் பையன் ஜெனரேட்டரை ஓட்டி மூக்கனை மாட்டி வந்துவிட்டான். கிளை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் தொய்ந்து இருந்தது. மேலிருந்து ஒரே அறுப்பாக இறக்கினான். பாதி போனதும் கிளை மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. பிளேடு நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. அப்புறம் மெஷின்தான் முன்னும் பின்னும் ஆடும்! மூன்று கிலோவுக்கு மேல் கனம். அவன் உதட்டில் அடித்துக் கிழித்துவிட்டது. நல்லவேளை, பல் தப்பித்தது.

தொய்ந்த கிளையில் மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும், அடிப்பக்கம் இழுபட்டு இருக்கும். முதலில் மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர் தலைகீழ். கிளை வில் மாதிரி வளைந்து முறுக்கிக்கொண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், தீயணைப்புத் துறைக்காரர் வரட்டும். கரண்ட் கம்பி மேலே விழுந்த மரம் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிளேடுக்கு முன்னால் ஒரு இரும்புத் தகடு இருக்கும், ஷூ என்பார்கள். அது அறுக்கிற பொருளோடு ஒட்டியே இருக்க வேண்டும். மூக்கன் பிளேடின் பல் பின்பக்கம் பார்த்திருக்கும், இழுக்கும்போதுதான் அறுக்கும். ஷூ ஒட்டியிருந்தால் அந்த இழுப்பைத் தகடு தாங்கும், விலகியிருந்தால் உங்கள் தோள்தான் தாங்கும். பல மெஷின்களில் ஷூவை முன்னே நகர்த்தலாம். நகர்த்தினால் பிளேடின் தேயாத பற்கள் வேலைக்கு வரும், ஒரே பிளேடு இரண்டு ஆள் வேலை பார்க்கும். இந்த வித்தையைக் கடைக்காரர் சொல்லமாட்டார்!

பராமரிப்புக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. அறுத்து முடித்த பிளேடு அடுப்புச் சட்டி மாதிரி சுடும், வெறுங்கையால் தொடாதீர்கள். காற்றுத் துளைகளில் அடைந்த தூளை ஊதி எடுங்கள். பிளேடில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். மோட்டாருக்குள் வழக்கத்துக்கு மேல் பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், ஜோடியாக மாற்றுங்கள். கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடற்கரையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: உப்புக்காற்று பிளேடு பிடிக்கிற வாயை ஒரே பருவத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் போட்டு, மூடிய பெட்டியில் வையுங்கள்.

பத்து நிமிடம் கொடுத்தார்கள், பல்லைப் பற்றியே பாதியைப் பேசித் தீர்த்துவிட்டேன். கண்ணாடி, காதடைப்பான், ஈரத்தில் வேலை என்றால் கரண்ட் கசிந்தால் அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் என்று எழுதி வைத்ததெல்லாம் காகிதத்திலேயே நிற்கிறது, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் இருக்கிற மூக்கனை இறக்கி, ஒயர் மெஷினுக்குள் நுழைகிற கழுத்தை ஒரு தரம் வளைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தச் செய்யூர் நிலை இப்போது புது வீட்டின் பூஜை அறை வாசலில் நிற்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன், மஞ்சள் தடவியிருந்தது.