கட்டைக்குள் அடங்காத காந்தாரம்



மின்னணு ஆர்கனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்மில் பலர் அதைத் திருவிழா மேடையில், மெல்லிசைக் குழுவின் நடுவேதான் முதலில் பார்த்திருப்போம். ஆனால் அதன் தொடக்கம் தேவாலயத்தோடு சேர்ந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களையும் மனத்தில் வைத்து, 1935-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் அதன் முன்னோடியான மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே பல் வைத்த உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருளுக்கு முன்னால் சுழலும்; நாதம் பிறக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம் சங்கீதத்துக்குள் வந்தபோதுதான் வழக்கு தொடங்கியது. ஆர்கன் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது. தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் என்ற 'க' ஸ்வரமோ, ஆர்கனின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்ந்தது. அரை ஸ்வரத்தை நூறாக வகுத்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். "இதெல்லாம் யார் காதுக்குத் தெரியும்?" என்பீர்கள். பாடுகிறவருக்குத் தெரியும் ஐயா! சரி, அதையாவது பொறுக்கலாம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்குமா? ஆர்கனின் கட்டையை அழுத்தினால் அது நின்றுவிடுகிறதே! இதே குற்றத்துக்காகத்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தடை தளர 1971 ஆயிற்று.

தடை போடுவது எளிது. நம் பெங்களூரில் ஒருவர் வேறு வழி பார்த்தார். ஜி. ராஜ்நாராயண், பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். 1979-இல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். பாடகர் பெட்டியின் சுருதிக்கு இறங்கி வர வேண்டாம். திருகைத் திருப்பினால் பெட்டி பாடகரின் சுருதிக்கு வரும். இன்று மல்லேசுவரமானாலும் மயிலாப்பூரானாலும் மின்னணுச் சுருதி இல்லாத கச்சேரி அபூர்வம். மின்சாரம் நம் இசைக்குப் பகையில்லை, சொன்னபடி கேட்க வைத்தால்.

ஆர்கனின் வழிவந்த கீபோர்டை வாசிக்கும் வித்வான்களும் அதைத்தான் முயல்கிறார்கள். வலது கை ஸ்வரம் பிடிக்க, இடது கை ஒரு சிறு சக்கரத்தை உருட்டி, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தைக் கொண்டுவருகிறது. மோகன ராகம் அதில் அழகாகவே வருகிறது. தோடியை என் காது இன்னும் ஒப்பவில்லை; வாசிப்பவர்கள் கோபிக்கக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் கீபோர்டு வாங்கித் தருகிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் தாளம் தானாக ஓடும் பொத்தானை முதல் நாளே காட்டிக் கொடுக்காதீர்கள். சுருதியைப் போட்டுச் சில மாதம் சரளி வரிசை பாடவையுங்கள். அதன் பிறகு கட்டையில் கை வைக்கட்டும்.