பூனைக்கு வலிப்பு வந்தால் ஸ்கான் எதற்கு?



எங்கள் வீடுகள் பலவற்றில் பூனையும் ஒரு குடும்ப அங்கத்தவர்தான். பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, ஆட்களை அடையாளம் தெரியாததுபோல் நடக்கிறது, ஒருநாள் வலிப்பும் வருகிறது. "வயது போய்விட்டது, ஊசி போட்டு அனுப்பிவிடுவோம்" என்று பலர் முடிவெடுத்து விடுகிறார்கள். அதற்கு முன் அறிய வேண்டிய சிலவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும். உயர் இரத்த அழுத்தமே இத்தகைய குணங்களைக் காட்டக்கூடும். அதற்கு மருந்து உண்டு.

அடுத்தது படம் எடுத்தல். எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டும், மூளையைக் காட்டாது. சி.டி. ஸ்கான் விரைவானது; மண்டையோட்டையும் நடுக்காதையும் இரத்தக் கசிவையும் நன்றாகக் காட்டும். மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அசையாமல் கிடக்க வேண்டுமென்பதால் பூனைக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள்.

வயதான பூனைகளில் அதிகம் காணப்படும் மூளைக்கட்டி மெனிஞ்சியோமா. இது மூளையை மூடியுள்ள சவ்வில் வளர்வது. நரம்பில் சாயமருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் விளிம்பு தெளிந்த வெண்ணிற உருண்டையாகத் தெரியும். பெரும்பாலும் மூளைக்குள் ஊடுருவாது, வெளியிலிருந்து அழுத்துவதால், பல வேளைகளில் அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். அதன்பின் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும் பூனைகள் பல. படம் எடுக்காவிட்டால் இந்த வாய்ப்பு இருப்பதே தெரியாது.

இன்னொன்று. பின்னங்கால்கள் திடீரென்று இயங்காமல் போய், பாதம் குளிர்ந்து, பூனை வலியில் கத்தினால் அது நரம்பு நோயாக இல்லாமல் இரத்தக்கட்டி அடைப்பாக இருக்கலாம். அங்கே எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.

ஸ்கான் செலவு சிறியதல்ல. ஆகவே வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தின் முடிவால் சிகிச்சை மாறுமா?" மாறும் என்றால் செலவுக்கு அர்த்தமுண்டு. மாறாது என்றால், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும் நல்ல வைத்தியமே.