எல்லாருக்கும் கேட்கிறதா?



ஜூன் மாதம் பிறந்துவிட்டது. எங்கள் பங்கின் தொடக்கப்பள்ளியில் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் பள்ளிக்குப் போகிறார்கள். ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் இந்த ஆண்டு அந்தச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும்போது எங்கள் கை கொஞ்சம் தயங்கியது. இப்போது வெளியேறும் இந்தப் பிள்ளைகள் 2020-ஆம் ஆண்டு ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்டவர்கள். பெயர்தான் எழுதப்பட்டது, வகுப்பறைக்குள் யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. முதன்முதலாக இவர்கள் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவர்களாக இருந்தார்கள்.

பத்தொன்பது மாதங்களுக்கும் மேல் ஒரு பள்ளி, பிள்ளைகள் இல்லாமல் பள்ளியாக இருந்தது எப்படி? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறோம். நாங்கள் என்று சொல்லும்போது, பள்ளியின் தாளாளராகிய பங்குத்தந்தை, தலைமையாசிரியையாகிய அருள்சகோதரி, ஆசிரியைகள், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்பவர்கள் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறோம். பெருமையாகச் சொல்ல எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. வெட்கத்தோடு சொல்லவும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்வதில் நியாயமில்லை.

முதலில் திருத்தூதர் பவுலிடம் போவோம். தெசலோனிக்கா நகரில் அவர் நற்செய்தி அறிவித்தார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் ஊரில் கலகம் மூண்டது. அவருக்கு இடம் கொடுத்த யாசோனின் வீட்டை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. அன்று இரவோடு இரவாகப் பவுலையும் சீலாவையும் பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். நேற்றுவரை கூடவே இருந்தவர்களை விட்டு ஒரே இரவில் பிரிவு. எப்போது திரும்பலாம் என்றும் தெரியாது. 2020 மார்ச்சில் நமக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். தேர்வுக்குக்கூட வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளின் செருப்பும் தட்டும் தண்ணீர் பாட்டிலும் வகுப்பறையிலேயே கிடந்தன.

பிறகு கொரிந்திலிருந்து அந்த மக்களுக்குப் பவுல் எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டு நூல்களிலேயே முதலில் எழுதப்பட்டது இதுவாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில், உங்களைப் பிரிந்து அநாதையைப்போல் ஆனோம், முகத்தால் பிரிந்தோமே தவிர உள்ளத்தால் பிரியவில்லை என்ற பொருளில் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில், பொறுக்க முடியாமல், தாம் ஏதென்சில் தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று திமொத்தேயுவை அனுப்பி வைத்ததைச் சொல்கிறார். கடிதத்தை முடிக்கும் இடத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு கட்டளை வருகிறது. சகோதரர் சகோதரிகள் எல்லாருக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆண்டவர் பெயரால் ஆணையிட்டுச் சொல்கிறார்.

ஏன் ஆணையிட வேண்டும்? கடிதம் வந்தால் வாசிக்க மாட்டார்களா என்ன? பல ஆண்டுகள் நாங்கள் இந்த வரியைக் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறோம். அந்த மாதங்களுக்குப் பிறகுதான் அது எங்களைக் குத்தியது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

ஏப்ரல் மாதம் வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழு ஒன்று தொடங்கினோம். மூன்றாம் வகுப்பு டீச்சர் பாடத்தைத் தம் குரலில் பதிவுசெய்து அனுப்புவார். வீட்டுப் பாடத்தைப் படமெடுத்து அனுப்புவோம். கல்வித் தொலைக்காட்சியில் எந்த நேரம் என்ன பாடம் என்று எழுதிப் போடுவோம். ஒரு தாய் தம் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் பாய் விரித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் சேர்த்து உட்கார வைத்து, ஒரே போனில் பாடம் கேட்க வைத்தார். நடுவில் மாடு கத்துவதும் எங்களுக்குப் பதிலாக வந்து சேரும். அதைக் கேட்டுச் சிரித்தது அந்த நாட்களில் எங்களுக்கே மருந்தாக இருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 27 மாலை, மழையில், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று உலகுக்கு ஆசி வழங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கும். ஆலயம் பூட்டியிருக்கிறது, ஆனாலும் ஒன்றாக இருக்கிறோம் என்று அன்று உணர்ந்தோம். அந்தத் தெம்பில்தான் எங்கள் குழுவையும் நடத்தினோம். ஒவ்வொரு செய்திக்கும் கீழே நீல நிறத்தில் இரண்டு டிக் விழும். விழுந்த பெயர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம்: பாடம் போய்ச் சேர்ந்தது.

அந்த நோட்டில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடுபடாமல் குறி இருந்தது. அவள் ஒரு வரியைக்கூடக் கேட்டிருக்கவில்லை என்பது எங்களுக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோவில் ஒலிபெருக்கியில் மாலை மூவேளை செபம் முடிந்ததும், ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்று வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தோம். பெயர் கூப்பிட்ட பிறகு ஒரு சின்னக் கதை, ஒரு வாய்ப்பாடு, அவ்வளவுதான். கிறிஸ்தவப் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள் என்று பாராமல் பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படியே கூப்பிட்டோம். முதல் நாள் நாலாவது பெயர் கூப்பிட்டபோது மேலத் தெருவிலிருந்து ஒரு கீச்சுக் குரல், “உள்ளேன் டீச்சர்!” என்று கத்தியது. அப்புறம் ஒவ்வொரு வாசலிலிருந்தும். டீச்சருக்கு மேலே பேச முடியவில்லை. மைக்கை அருள்சகோதரி வாங்கிக்கொண்டார். சாயங்காலத் தூக்கம் கெடுகிறது என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். மறு வாரம் அவரே, இன்றைக்கு எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழிந்தது. பள்ளி மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரசு கொடுத்த அரிசியையும் பருப்பையும் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார் எங்கள் சமையலர் அக்கா. கீழத் தெருவில் குடியிருப்பவர். அளந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பாராமல் சொன்னார்: “சிஸ்டர், நீங்க பேரு கூப்பிடுறது எங்க தெருவுக்குக் கேக்கவே கேக்காது. குழாய் அந்தப் பக்கம்லா திரும்பியிருக்கு.”

நாங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். இரண்டு குழாய்கள். ஒன்று கோவில் தெருவைப் பார்த்து, மற்றது மேலத் தெருவைப் பார்த்து. கீழத் தெருவைப் பார்த்து ஒன்றும் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்று முதலில் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பிறகு பங்குப் பேரவையின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினோம். திருவிழா அறிவிப்பும் அடக்க அறிவிப்பும் தங்களுக்குக் கேட்பதில்லை என்று அந்தத் தெருக்காரர்கள் எப்போதோ சொன்னதும், ஆவன செய்யப்படும் என்று நாம் எழுதி வைத்ததும் அதிலேயே இருந்தன. அந்தத் தெருவுக்கு ஏன் கேட்கவில்லை, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது நம் ஊர்களை அறிந்த உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை அக்காவோடு அந்தத் தெருவுக்குப் போனோம். அங்கேதான் அந்தச் சிறுமி. அம்மா வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய பீடிகளின் நுனியை இவள் மடக்கிக்கொண்டிருந்தாள். வேகமாக, பார்க்காமலே மடக்கும் அளவுக்குப் பழகியிருந்தாள். குழுவில் நாங்கள் சேர்த்திருந்த எண் அவள் அப்பாவுடையது. அவர் கேரளாவில் கொத்து வேலைக்குப் போனவர், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவரோடு இருந்தது. நீல டிக் விழுந்ததெல்லாம் அங்கே.

அரிசி வாங்கவும் பாடநூல் வாங்கவும் அந்த அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்ற அவரிடம், “பாடம் வருதாம்மா?” என்று நாங்களும் கேட்டிருந்தோம். “வருது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இப்போது கேட்டோம். “வரலைன்னு சொன்னா போன் வாங்கச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றார்.

நேயர்களே, அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய குறையாகப் பட்டது. பள்ளி அவரிடமிருந்து எதையாவது கேட்கும் இடமாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பவுல் ஏன் ஆணையிட்டுச் சொன்னார் என்பது அந்த வாசலில் எங்களுக்குக் கொஞ்சம் புரிந்தது. கடிதம் ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். அந்த வீட்டில் கூடுகிறவர்கள் கேட்பார்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், வாசிக்கத் தெரியாதவர்கள், எஜமானின் வேலையில் இருக்கும் அடிமைகள் ஆகியோருக்கும் சேர்த்துத்தான் அந்த ‘எல்லாரும்’. யாராவது விடுபட்டுப் போவார்கள் என்று தெரிந்தவர்தான் அப்படி வற்புறுத்திச் சொல்ல முடியும்.

மறுநாள் மின்வேலை செய்யும் தம்பி ஒருவர் ஏறி, மூன்றாவது குழாய் ஒன்றைக் கீழத் தெருவைப் பார்த்துக் கட்டினார். மாலையில் அவள் பெயரைக் கூப்பிட்டோம். பதில் எங்களுக்குக் கேட்கவில்லை, தூரம் அதிகம். காலையில் அக்காதான் வந்து சொன்னார். வாசலுக்கு ஓடி வந்து “உள்ளேன் டீச்சர்” என்று கத்தினாளாம். ஓடிய வேகத்தில் தட்டைத் தட்டிவிட்டு பீடியெல்லாம் சிதறி, அம்மாவிடம் நன்றாகத் திட்டும் வாங்கினாளாம்.

அதன் பிறகு போனை நம்பியிருக்கவில்லை. கெபிக்கு அருகில் ஒரு பெட்டி வைத்தோம். திங்கள்கிழமை பிள்ளைகள் நோட்டைப் போடுவார்கள், வியாழக்கிழமை திருத்திய நோட்டை எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியைகள் தெருக்களைப் பிரித்துக்கொண்டு முகக்கவசத்தோடு வாசல் வாசலாக நடந்தார்கள். எங்கள் பள்ளிக்கு முதல் திமொத்தேயு அந்தச் சமையலர் அக்காதான். யார் எத்தனை கரண்டி சோறு கேட்பார்கள் என்று அறிந்தவருக்கு, யார் வீட்டில் போன் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் ஆலோசனைக் கூட்டத்துக்கு அவரை அதுவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அந்த அப்பா ஊருக்கு வந்தார். போனைக் காட்டினார். ஏப்ரலிலிருந்து அனுப்பிய ஒரு பதிவையும் அவர் அழித்திருக்கவில்லை. தமக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் என்றும், இரவில் அறைக்கு வந்து டீச்சர் குரலைக் கேட்டால் ஊரில் இருப்பதுபோல் இருக்கும் என்றும் சொன்னார். பள்ளிக்கூடம் எப்படியும் மகளுக்கு வேறு வழியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். வீட்டில் எப்படியும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2021 நவம்பரில் கதவு திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் தன் பெயரை முழுதாக எழுதத் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் பங்கு இளம்பெண்கள் இருவர் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, மாலைதோறும் திண்ணையில் உட்கார்ந்து ‘அ’விலிருந்து தொடங்கினார்கள். பாதிப் பள்ளத்தை அவர்கள்தான் அடைத்தார்கள். பீடி மடக்கிய அந்தச் சிறுமி இப்போது எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஞாயிறு மறைக்கல்விக்கு வருகிறாள். கணக்கு இன்னும் உதைக்கிறது.

ஒரு பையன் மட்டும் திரும்பி வரவில்லை. மூடும்போது நாலாம் வகுப்பு. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். நாங்கள் தேடிப் போனபோது சூளை மாறிவிட்டிருந்தது. பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டிய நாள் வந்தது, அடித்தோம். இப்போது அவனுக்குப் பதினான்கோ பதினைந்தோ இருக்கும். கீழத் தெரு அன்பியத்தார் சென்ற மாதம், அவன் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார்கள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் எங்கள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறுபடியும் போகிறோம்.