வேண்டுதலும் விடையும்

மாணவ நண்பர்களே,

தேர்வுக்குப் புறப்படுமுன் கோயிலுக்குச் சென்று வணங்குவோர் உங்களிற் பலர். "படித்தவன் எழுதுவான், சாமியா வந்து எழுதும்?" என்று அவர்களை நகையாடுவோரும் உங்களில் உண்டு. வேண்டுதல் என்ற சொல்லை இருசாராரும் வழங்குகின்றனர். ஆயின், இருவரும் ஒரே பொருளைத்தான் கருதுகின்றனரா? சேலம், நாமக்கல் சீமையிலிருந்தே சான்றுகளை எடுத்து இதனை ஆராய விரும்புகிறேன்.

நாமக்கல்லில் பாறையைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அங்குள்ள நாமகிரித் தாயாரே கணித மேதை இராமானுசனின் குலதெய்வம். 1887-இல் ஈரோட்டிற் பிறந்த அவர், தாயாரே கனவில் கணித உண்மைகளை அருளுவதாக நண்பர்களிடம் கூறுவாராம். கடல் கடந்து செல்லலாகாது என்று தடுத்த அன்னையும், தாயாரின் ஆணையைக் கனவிற் கண்டபின்னரே விடை கொடுத்தார் என்பர். 1914-இல் இராமானுசன் கேம்பிரிட்சு சென்றார்.

அங்கு அவரை வரவேற்ற பேராசிரியர் ஹார்டியோ உறுதியான நாத்திகர். இராமானுசனின் சமயப் பற்று பெரிதும் ஆசாரங்களைக் கடைப்பிடிப்பதைச் சார்ந்ததே என்று கருதியவர் அவர். கனவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நிறுவல் எங்கே என்பதே அவர் கேள்வி. அக்கேள்வி வீணன்று. 1913-இல் இராமானுசன் அவருக்கு எழுதிய கடிதங்களில் வியத்தகு உண்மைகள் பல இருந்தன. எனினும் பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் பிழையாயின.

பின்னர் இருவரும் சேர்ந்து உழைத்தனர். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 1918-இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம் இதற்கு விடை தந்தது. மக்மகோன் என்ற அறிஞர் கைக்கணக்காகவே அதனைச் சரிபார்த்தார். விடை 3,972,999,029,388, ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி! ஒருவர் தாயாரை வணங்கினார். மற்றவர் எவரையும் வணங்கவில்லை. கணக்கைச் சரிபார்ப்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே நெறிதான்.

இனிச் சேலத்துக்கு வருவோம். 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. 1944-இல் அதே சேலத்தில்தான் பெரியார் நீதிக் கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார். இருவரும் நெடுநாள் நண்பர்கள். கொள்கையிலோ இரு துருவங்கள்.

வேண்டுதல் மனிதனை முயற்சியினின்றும் விலக்கும், இழிவையும் இறைவன் கட்டளையென ஏற்கச் செய்யும் என்பது பெரியாரின் குற்றச்சாட்டு. இராஜாஜி இயற்றிய 'குறையொன்றுமில்லை' பாடலோ இறைவன்முன் நின்றும் எதையும் கேளாத வேண்டுதல். பேரம் பேசும் வழிபாட்டின்மேல் பாயும் அம்பு இதன்மேல் பாயாது என்பது என் எண்ணம்.

எனினும் பெரியாரின் மற்றொரு கேள்வியிலிருந்து நம்பிக்கையுடையோர் தப்ப முடியாது. இறைவன் எல்லார்க்கும் பொது என்றால், அவன் வாயிலில் சிலரைத் தடுத்ததேன்? 1924-இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர், பின்னாளில் நாத்திகத்தின் பெருங்குரலான இதே பெரியார். 1939-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பளித்தவர், பக்தரான இராஜாஜி. 1972-இல் இராஜாஜி மறைந்தபோது, முதுமையில் தளர்ந்திருந்த பெரியார் சுடுகாடுவரை வந்து கண்ணீர் வடித்தார்.

மாணவர்களே, வணங்குவதும் வணங்காமையும் உங்கள் உரிமை. வணங்குவோர், எழுந்தபின் செய்யவேண்டிய வேலையை மறவாதிருங்கள். வணங்காதோர், அருகில் நிற்பவனின் வழிபாட்டுரிமை பறிபோகும்போது வாளாவிராதீர்கள். உங்கள் கூற்று எங்கிருந்து தோன்றியதாயினும், அதனைச் சோதித்துப் பார்க்கப் பிறருக்கு இடங்கொடுங்கள்.