தூண்டில் முள்ளில் ஓர் ஊசித்தட்டான்



தட்டானின் வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டு மகிழ்ந்த பிள்ளைப் பருவம் நம்மில் பலர்க்கும் உண்டு. அச்சிற்றுயிர்க்கு அது எத்துணைத் துன்பம் என்பதை அன்று நாம் எண்ணியதில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் நூலும் தட்டானும் மீண்டும் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஆனால், இம்முறை நாம் கட்டுவது உயிருள்ள பூச்சியை அன்று; அதன் இளம்பருவத்தின் போலியுருவை.

ஈத்தூண்டில் என்பது மேலைநாட்டார் வளர்த்த கலை. அதில் மண்புழுவையோ மாவுருண்டையையோ வைப்பதில்லை. இறகு, நூல், உரோமம் ஆகியவற்றால் முள்ளின்மேல் பூச்சியுரு ஒன்றைக் கட்டி, அதனையே மீனுக்குக் காட்டுவர். தமிழ்நிலத்தில் இக்கலைக்கு இடம் தந்தது நீலகிரி. 1860-களில் பிரான்சிஸ் டே என்பார் அங்கு டிரௌட் மீனைக் குடியேற்ற முயன்று வெற்றி காணவில்லை. பின்னர், ஹெச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால், 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது; மலையோடைகளில் வானவில் டிரௌட் நிலைபெற்றது.

ஊசித்தட்டானை நேயர்கள் அறிவீர்கள். அமரும்போது சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து வைக்கும் மெல்லிய பூச்சி அது. நீர்ச்செடிகளின் தண்டிலே முட்டையிடும். வெளிவரும் இளவுயிர் நீருக்கடியிலேயே வாழ்ந்து, பலமுறை தோலுரித்து வளரும், கொசுப்புழுக்களையும் தின்னும். அதன் வால்நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் உண்டு. மூச்சுக்கும் நீந்துதற்கும் அவை துணையாகின்றன. முதிர்ந்ததும் கரையையோ நாணலையோ நாடி நீந்தி, தண்டிலேறித் தோலைக் கழற்றிப் பறந்துவிடும். அவ்வாறு நீந்திவரும் வேளையில்தான் மீன்கள் அதனை மிகுதியாக உண்ணும். தூண்டிற்காரர் கட்டும் உருவும் இதுவே.

பத்து அல்லது பன்னிரண்டாம் எண்ணுள்ள நீண்ட தண்டுடைய முள்ளொன்றைப் பிடிப்பானில் பொருத்திக்கொள்கிறோம். பாசிநிற நூலைச் சுற்றி, வாலுக்கு வான்கோழியின் மெல்லிய தூவியைக் கட்டுகிறோம். அதே நிறக் கம்பளியைப் பஞ்சாகப் பிரித்து, நூலில் முறுக்கி உடலாகச் சுற்றுகிறோம். அதன்மேல், மோட்டார் சுருள் கட்டும் கடையில் கிடைத்த மெல்லிய செப்புக்கம்பியை வரிவரியாக ஓட்டுகிறோம். உடற்கண்டங்களும் தோன்றும், உரு நீரிலும் அமிழும். நைலான் இழையின் இரு முனைகளையும் நெருப்பில் காட்டினால் உருண்டு கண்களாகிவிடும். கால்களுக்கு வீட்டுக்கோழியின் இறகே போதும். முற்காலத்தில் இக்கலைக்கு நம் காட்டுச்சேவலின் கழுத்திறகுகளைப் பெரிதும் நாடினர். இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. விளையாட்டின்பொருட்டு அதனைத் தேடுதல் தகாது.

முதலில் நாம் கட்டிய உருவில், வாலுக்கு மூன்று விறைப்பான இறகுகளை வைத்தோம். படத்திற்கும் அதற்கும் வேறுபாடு காண இயலாது. ஆனேக்கல் வட்டத்தில் நண்பர் ஒருவரின் மீன்குளத்தில் அதனை வீசினோம். திலேப்பியா மீன்கள் அருகே வந்தன, பார்த்தன, திரும்பிவிட்டன. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் உயிரற்றுக் கிடக்கும் மொழிபெயர்ப்புகளைத் தொழிலிலே கண்டவர்கள் நாம். எனினும், அதே பிழையை நம் கையும் செய்திருப்பது உடனே விளங்கவில்லை.

நாம் குடியிருப்பது, பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்த ஹெப்பகோடியில். ஒரு காலைப்பொழுதில் அவ்வூர் ஏரியின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரை மொண்டு பார்த்தோம். அதில் ஓர் இளந்தட்டான் இருந்தது. உடலை இருபுறமும் நெளித்துச் சிறிது தூரம் நீந்தியது, பின் அசைவற்று நின்றது, மீண்டும் நெளிந்தது. மீன் கேட்பது வடிவத்தை மட்டுமன்று, அந்த நெளிவையும் என்பது அப்போது விளங்கிற்று. அதனை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்து, தூவிவால் கட்டினோம். கயிற்றைச் சிறுகச் சிறுக இழுத்து, இடையிடையே நிறுத்தினோம். அன்று மாலை மூன்று மீன்கள் கவ்வின. மூன்றையும் நீரிலேயே விட்டோம்.

அந்த ஏரியின் வரலாறும் எண்ணத்தக்கது. கழிவுநீரால் நலிந்து கிடந்த அது, 2010-களின் பிற்பகுதியில் பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால் சீர்பெற்றது. நீருக்குக் காற்றூட்டினர், மிதக்கும் பாத்திகளில் செடிகளை வளர்த்து, அவற்றின் வேர்களால் மாசு குறையச் செய்தனர். ஊசித்தட்டான்களுள் சிலவகை கெட்ட நீரையும் ஓரளவு பொறுக்கும். ஆகவே ஒன்றைக் கண்டு நிறைவுறல் ஆகாது. பலவகைகள் தழைப்பதே நீர் நலத்தின் நற்குறி. அவை தழைக்க உயிர்க்காற்றுள்ள நீரும் கரையோரச் செடியும் வேண்டும். கரை முழுதும் சிமெண்டிட்டால், முட்டையிடத் தண்டும் இல்லை. ஏறிப் பறக்க நாணலும் இல்லை.

பிழைப்பு நாடி வந்த ஊரின் ஏரியை, “இது அவர்களுடைய கெரெ” என்று கடந்துபோவது நம்மவர் சிலரது வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்தோம். ஒரு பூச்சியின் நெளிவைக் கற்கச் சென்றபோதுதான் அதன் கரையில் நின்றோம். நின்றபின் அது நம் ஏரியாயிற்று. நேயர்களே, நீங்கள் வாழும் ஊரிலும் ஒரு நீர்நிலை இருக்கும். தூண்டில் வேண்டுவதில்லை. ஒருநாள் காலையில் அதன் கரையில் சற்றே நின்று பாருங்கள். அங்கே தட்டான் பறக்கிறதா என்று பாருங்கள்.